எட்டாவது வினாவின் மதிப்பு

ஜனவரி 10

அக்காவுக்கு,

வணக்கம். நானும் என் வீட்டுக்காரியும் நலமாக இருக்கிறோம். நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உனக்குக் காது முழுக்க அடைத்துவிட்ட பிறகு போனில் கத்துவது வீண். செல்போனில் தட்டி அனுப்பலாமே என்கிறாள் இவள். கணக்கை அதில் எப்படித் தட்டுவது? ஆகவே தபால்.

விஷயம் இதுதான். பழைய அரியர் உள்ளவர்களுக்குப் பல்கலைக்கழகம் கடைசி வாய்ப்பு ஒன்று அறிவித்திருக்கிறது. ஜூனில் தேர்வு எழுதலாம். அல்லது, அன்று திருத்தியதிலேயே பிழை என்று ஆதாரத்தோடு மனுப் போடலாம். இரண்டில் ஒன்றுதான். எது என்று ஏப்ரல் பதினைந்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மனுப் போட்டவன் தேர்வுக்குப் போக முடியாது.

எனக்கு இருப்பது ஒரே அரியர், பல மாறிகள் நுண்கணிதம். அந்தத் தாளைத் திருத்தியது யார் என்று உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அது முடிந்தால் பட்டம். பட்டம் இருந்தால் ஓய்வு பெறுவதற்கு முன் நாலு வருஷமாவது இன்ஜினியர் என்று கையெழுத்துப் போடலாம். நான் இன்னும் அதே குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஃபோர்மேன்தான்.

எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறது. குழாய் அழுத்தம் கணக்குப் பார்க்க எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்ட கணித மென்பொருள் அதில் இருக்கிறது. எண்ணை மட்டுமல்ல, எழுத்தையே வைத்துக் கணக்குப் போடும். சார்பை அடித்து எண்டர் தட்டினால் வகையிட்டுத் தருகிறது, தொகையிட்டுத் தருகிறது, கேட்டால் படுக்கைவிரிப்பை நடுவில் பிடித்துத் தூக்கியது போல மூன்று பரிமாணப் படமும் போடுகிறது. நீ யார், யாருடைய தம்பி என்று கேட்பதில்லை.

நேற்று அந்த எட்டாவது வினாவை அதில் போட்டேன். சதுரத்தின் மேல் ஒரு பின்னத்தின் இரட்டைத் தொகையீடு, மதிப்புக் காண்க. ஒரு நொடி ஆகவில்லை. பை வகுத்தல் நான்கு என்றது. நான் அன்று எழுதிய விடை அதுதான். நீ பூஜ்யம் போட்டதும் அதற்குத்தான். அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் ஏதாவது குறிக்கத் தோன்றினால் குறித்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் தம்பி

---

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நல்லா இரு. இங்கே இருவரும் நலம். குளிரில் விரல் விறைக்கிறது, அவ்வளவுதான். உன் வீட்டுக்காரியின் முதுகுவலி என்ன ஆயிற்று? நீ எழுதமாட்டாய். அவளையே இரண்டு வரி எழுதச் சொல்.

உன் அச்சுத்தாளைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் தொகையீட்டை அச்செடுத்து அக்காவுக்கு அனுப்புகிறான் என்று உன் அத்தானிடம் சொன்னேன். "உங்க குடும்பத்துல சண்டைகூட சிலபஸ்படிதான் போடுவீங்களா?" என்றார்.

தம்பி, ஒரு சதுரத் தரை முழுக்கக் கட்டம் கட்டமாக எண்கள் எழுதியிருக்கின்றன என்று வைத்துக்கொள். எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். நெடுக்காகக் கூட்டிக்கொண்டே போகலாம், குறுக்காகவும் கூட்டலாம். இரட்டைத் தொகையீடு அவ்வளவுதான். நீ முதலில் y, பிறகு x என்று அடித்திருக்கிறாய். மெஷின் நல்ல பிள்ளை. சொன்ன வரிசையில் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. இனி முதலில் x, பிறகு y என்று மாற்றிப் போட்டுப் பார்.

என்ன வரும் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் அது என் விடை ஆகிவிடும். என் விடையை நீ எப்போது நம்பினாய்?

மனு வேண்டாம். தேர்வே எழுது. ஐந்து மாதம் இருக்கிறது. கையால் போட்டுப் பழகு. போட்டதை அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

ஆசிகளுடன்,
அக்கா

---

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

இங்கே குறையொன்றும் இல்லை. அங்கும் அப்படியே இருக்கட்டும்.

வரிசையை மாற்றினால் மதிப்பு மாறாது என்று ஒரு தேற்றமே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் பக்கம் 212. கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான். அதை வகுப்பில் எழுதிப்போட்டு எங்களைப் பார்த்து எழுத வைத்தவளே நீதான். தேற்றம் தெரிந்தவனிடம் மாற்றிப் போட்டுப் பார் என்பது இழுத்தடிப்பு. நான் மாற்றிப் போடப் போவதில்லை.

மற்றபடி படிப்பு நடக்கிறது. காலை ஆறு மணிக்கு வடிகட்டித் தொட்டிகளைக் கழுவிவிட்டு, குளோரின் அளவைக் குறித்துவிட்டு, ஏழரைக்குக் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறேன். மூன்றாம் நாளே ஒன்று புரிந்தது. இது விடையைத் தரும், வழியைத் தராது. அதனால் முதலில் கையால் போட்டுவிட்டு, பிறகு அதனிடம் கேட்டு ஒத்துப் பார்க்கிறேன். பத்துக்கு ஏழு தேறுகிறது. கடைசியாகப் போட்ட பத்து இத்துடன். பகுதி வகையீடு பழகிவிட்டது. ஒரு மாறியை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் நகர்த்துவது. இத்தனை வருஷம் நான் வாழ்ந்ததே அப்படித்தான், எனக்கு என்ன கஷ்டம்?

சேணப்புள்ளி என்று ஒன்று வருகிறதே, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் வளைபரப்பு, அதைத் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவன் இருக்கிறான், கொட்டாவி என்று பெயர் வைத்திருக்கிறோம். பின்னால் வந்து நின்று, "என்ன சார், குதிரை வாங்கப் போறீங்களா?" என்றான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்தது போதும். எனக்கு உன்னிடமிருந்து வேண்டியது பாடம் அல்ல. அந்தத் தாளைத் திருத்தியதில் பிழை என்னுடையது என்று, திருத்தியவள் என்ற முறையில், உன் கையால் ஐந்து வரி. அதை வைத்தால் மனு நிற்கும். யோசித்து எழுது.

தம்பி

---

பிப்ரவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

நல்லா இரு. நலம். தாமதமாகிவிட்டது. பென்சில் மழுங்கல், சீவ ஆளில்லை. அதனால் ஓரத்துக் குறிப்புகள் கோணலாக இருக்கும்.

கையால் போட்ட பத்தையும் பார்த்தேன். ஏழாவதில் எல்லைகளைத் தப்பாக எடுத்திருக்கிறாய். முதலில் தரையைப் படமாக வரை, பிறகு எல்லை எழுது. மற்றவை நன்று. ஒன்பதாவது நான் போட்டிருந்தால்கூட இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது.

தேற்றக் கட்டத்தின் முதல் வரியைப் படி. நிபந்தனை என்று ஒன்று எழுதியிருக்கும். உன் சதுரத்தின் ஒரு மூலையில் x, y இரண்டுமே பூஜ்யம். அங்கே உன் பின்னத்தின் அடியில் என்ன இருக்கிறது?

மாற்றிப் போட்டாயா?

அக்கா

---

மார்ச் 3

அக்காவுக்கு,

வணக்கம்.

மூன்று வாரம் காத்திருந்த கடிதத்தில் நான் கேட்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதனால் இதுவரை எழுதாததை எழுதுகிறேன்.

தேர்ச்சிக்கு நாற்பது. எனக்கு வந்தது முப்பத்தாறு. எட்டாவது வினாவுக்குப் பத்து. விடைத்தாளில் பெயர் இல்லை, எண் மட்டும்தான் என்று அன்று அப்பாவிடம் சொன்னாய். என் பள்ளிக்கூட விண்ணப்பங்களைக்கூட நிரப்பித் தந்தவள் நீ. என் கையெழுத்து உனக்குத் தெரியாதா? கல்லூரியில் சேர்ந்து ஒன்பது மாதமே ஆன லெக்சரர். தம்பி என்று பார்த்துவிட்டாள் என யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம். அந்தப் பயத்துக்கு என்னைக் கொடுத்தாய்.

தேர்வுப் பிரிவில் தாளைக் காட்டினார்கள். பக்கம் முழுக்க என் கணக்கு, அடியில் உன் பூஜ்யம். ஒரு மார்க், இரண்டு மார்க் என்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்து கத்தினேன். அப்பா செய்தித்தாளை மடிக்காமலே, "அவ கணக்கு தப்பாது. நீதான் தப்பியிருப்ப," என்றார். நீ சுவரோரம் நின்றுகொண்டிருந்தாய். வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் நான் மறக்கவில்லை, பூஜ்யத்தைக்கூட மறந்திருப்பேன்.

போன வாரம் சின்ன இன்ஜினியர், இருபத்தொன்பது வயது, எல்லார் முன்னாலும், "யாரைக் கேட்டு அந்த வால்வைத் திறந்தீங்க?" என்றான். திறக்காவிட்டால் தொட்டி வழிந்திருக்கும். அவனுக்கும் அது தெரியும். என் பதிவேட்டில் அவன் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் கேட்டான்.

தேர்வு எழுதி நான் பாஸானால், அன்று தோற்றது சரி என்று ஆகும். எனக்குப் பட்டம் மட்டும் போதாது. உன் ஐந்து வரி வேண்டும்.

தம்பி

---

மார்ச் 28

மாப்பிள்ளைக்கு,

நலம். நலமறிய ஆவல். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவனுக்கு டிரிப் ஷீட் எழுதித்தான் பழக்கம். குற்றம் குறை இருந்தால் பொறுக்கவும்.

உங்கள் கடிதம் 7ஆம் தேதி 11.40க்கு வந்தது. அக்காவுக்கு வலது கையில் சுளுக்கு. வேறொன்றும் இல்லை என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

அவள் சொல்லச் சொல்ல எழுதுவது: உன் கோபம் நியாயம்தான், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். ஆனால் எட்டாவது வினா வேறு, நான் பேசாதது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டாதே. தேர்வு எழுது. மாற்றிப் போட்டுப் பார்.

இனி நான் எழுதுவது. எனக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் முன்படி வழியாக எண்ணினாலும் பின்படி வழியாக எண்ணினாலும் தலை ஒன்றுதானே என்று கேட்டேன், எழுதிக் காட்டித்தான். "எல்லா பஸ்ஸும் அப்படி இல்லைங்க," என்று சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று. அதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை, வசதிப்பட்டால் ஒரு முறை வந்து போங்கள். காலை 6.15 வண்டி ஏறினால் 12.50க்கு இங்கே. நான் கூப்பிட்டதாக அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அத்தான்

---

ஏப்ரல் 1

அக்காவுக்கு,

சுளுக்கு சரியாகிவிட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

எழுதித் தருவதைத் தவிர்க்க அத்தானை எழுத வைக்கிறாய். நல்ல ஏற்பாடு. எட்டாவது வினாவில் நீ தப்பு செய்திருக்க முடியாது, ஏனென்றால் நீ தப்பே செய்தது கிடையாது. இருபத்தெட்டு வருஷம் கல்லூரியில் அந்தப் பெயரோடு இருந்துவிட்டாய். அதில் ஒரு கீறல் விழக் கூடாது. அந்தப் பெயருக்கு விலையாக என்னை இரண்டாம் முறையும் கொடுக்கிறாய்.

மனுவுக்குக் கடைசி நாள் பதினைந்து. அதற்குள் உன் கையால் ஐந்து வரி வரட்டும். வராவிட்டால் இனி நமக்குள் தபாலும் வேண்டாம். உனக்கு ஒரு தம்பி இருந்தான், ஃபெயிலாகிவிட்டான் என்று வைத்துக்கொள்.

---

ஏப்ரல் 9

தம்பிக்கு,

கேட்டது கீழே. வெட்டி எடுத்து மனுவோடு வை. எழுத்தைப் பார்த்து என்னவோ என்று நினைக்காதே, சுளுக்கு இன்னும் விடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். படிப்பதை மட்டும் விடாதே. ஒன்பதாவது கணக்கு நிஜமாகவே நன்றாக இருந்தது.

அக்கா

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு: பல மாறிகள் நுண்கணிதத் தாளின் எட்டாவது வினாவுக்கு இம்மாணவர் எழுதிய விடை சரியானது. அதற்குப் பூஜ்யம் இட்டது திருத்தியவளாகிய என் பிழை. பாடத்தில் எனக்கு அன்று போதிய தெளிவு இருக்கவில்லை. இதனால் அவருக்கு நேர்ந்த இழப்புக்கு நானே பொறுப்பு.

---

மே 6

மாப்பிள்ளைக்கு,

கடிதம் போட்டு 27 நாள் ஆயிற்று. கிடைத்தது என்று ஒரு வரி உங்களிடமிருந்து இல்லை. மனுவைக் கொடுத்துவிட்டீர்களா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்போது கேட்பதும் இல்லை. அதனால் சொல்லாதே என்றதையும் மீறிச் சொல்கிறேன்.

சுளுக்கு இல்லை. நரம்பு நோய். நவம்பரிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். கையில் தொடங்கி மேலே ஏறும், திரும்பி இறங்காது என்றார். பென்சில் மழுங்கியது என்று அவள் எழுதிய நாளில் பென்சில் பிடிக்க இரண்டு கை தேவைப்பட்டது. இப்போது பேச்சும் போய்விட்டது. கண் நன்றாக இருக்கிறது, படிக்கிறாள். நான் தாளைப் பிடிக்க வேண்டும்.

அந்த ஐந்து வரியை எழுத அவளுக்கு நாலு நாள். நான் எழுதுகிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு என்றேன். "அவன் என் கையால கேட்டிருக்கான்," என்றாள். மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். பாடத்தில் தெளிவில்லை என்ற வரி வந்ததும் நான் கையை எடுத்துவிட்டேன். இது நிஜமா என்று எழுதிக் காட்டிக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு எதற்கு என்றேன். அப்போது பேச்சு கொஞ்சம் இருந்தது.

"அவன் மாத்திப் போட்டுப் பாக்க மாட்டான். பாத்தா இத அனுப்ப மாட்டான். ரெண்டுல எதுனாலும் சரிதான்."

எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று எழுதுகிறேன்.

அத்தான்

---

மே 19

அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. என்ன சொல்வதென்று தெரியாததால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அவள் ஐந்து வரி வந்த மறுநாளே மனுவைக் கொடுத்துவிட்டேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்தேன். ஆத்திரத்தில் கிறுக்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். ஜெயித்தவன் எதற்குக் கடிதம் போட வேண்டும் என்று சும்மா இருந்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து வரிசையை மாற்றிப் போட்டேன். மாற்ற வேண்டியது இரண்டே எழுத்து. அதே பை வகுத்தல் நான்கு வந்தது, முன்னால் ஒரு கழித்தல் குறியோடு. மெஷினில் கோளாறு என்று மறுபடி தட்டினேன். பிறகு கையால் இரண்டு வழியிலும் போட்டேன். நெடுக்கே கூட்டினால் கூட்டல், குறுக்கே கூட்டினால் கழித்தல். மூலையில் அடி பூஜ்யமாகிப் பின்னம் கட்டுக்கடங்காமல் போகிறது, தேற்றம் அங்கே செல்லாது. அந்தக் கணக்குக்கு மதிப்பே கிடையாது, அத்தான். "மதிப்பு உண்டா? உண்டெனில் காண்க" என்பதுதான் அந்த வினா. முதல் பாதியை நான் படிக்காமல் விட்டேன். பிறகு எவரிடமும் அதைச் சொல்லாமல் விட்டேன். நாலு மாதமாக அவள் சொன்னதைச் செய்ய எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

மறுநாள் விடுப்புப் போட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மனுவைத் திரும்பப் பெறலாமாம், படிவம் இருக்கிறது. தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் நாள் முடிந்துவிட்டது, அதைத் திறக்க முடியாதாம். சரி என்றேன். அந்தக் கடிதத்தையாவது கொடுங்கள் என்று கிளார்க்கிடம் கேட்டேன்.

"ஃபைல்ல சேந்தது வெளிய போகாது சார். அவங்களே நேர்ல வந்து கேக்கணும்."

அவர்களால் வர முடியாது என்றேன்.

"அப்ப அது பொய்னு நீங்க எழுதிக் குடுங்க. ஆனா அது வேற கேஸா போகும். பொய்ச் சான்று குடுத்தாங்கன்னு அவங்கள விசாரிப்பாங்க."

பாடம் தெரியாமல் திருத்தியவள். இல்லாவிட்டால் பொய் எழுதிக் கொடுத்தவள். அவளுக்கு இந்த இரண்டில் எந்தப் பெயரை விட்டுவிட்டு வருவது என்று அந்த ஜன்னல் முன்னால் நின்றேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தெட்டு வருஷமாக நான் வீட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது இனி முத்திரை குத்திய கோப்பில், அவள் கையெழுத்திலேயே இருக்கும்.

இத்துடன் அவளுக்கு ஒரு கடிதம். அதில் கணக்கைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் நிஜம். அவள் கடிதத்தைக் கிழித்தேன் என்பதும் தேர்வு எழுதப் போகிறேன் என்பதும் பொய். நீங்கள் அதைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் முதலில் கடிதம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை 6.15 வண்டியில் நானும் வருகிறேன்.

---

மே 19

அக்கா,

அத்தான் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அவரைக் கோபிக்காதே. வலி இருக்கிறதா? இரவில் தூக்கம் வருகிறதா? இவள் முதுகுவலி பரவாயில்லை. உன்னைக் கேட்டாள், என்னோடு அவளும் வருகிறாள்.

மாற்றிப் போட்டேன். கழித்தல் வந்தது. கையாலும் போட்டுப் பார்த்தேன், தாள்கள் இத்துடன். நிபந்தனை பொருந்தாது. மதிப்பு இல்லை. நீ போட்ட பூஜ்யம் சரி. இரண்டு மார்க் போட்டிருந்தால்கூடத் தப்பாகியிருக்கும்.

மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். உன் ஐந்து வரியையும் கையோடு வாங்கி, வாசலிலேயே நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டேன். யாரும் படிக்கவில்லை. கட்டுக்கட்டாக மனுக்கள் கிடந்தன, என்னுடையதைப் பிரிக்கவே இல்லை.

கிளார்க் நல்ல மனிதர். நாள் தாண்டியிருந்தும் தேர்வுப் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துக்கொண்டார். தேர்வுக்கூடத்தில் கம்ப்யூட்டரை விடமாட்டார்கள், கையால்தான் போட வேண்டும். தரையை வரைந்துவிட்டுத்தான் எல்லை எழுதுவேன். வினாவை முதல் பாதியிலிருந்து படிப்பேன்.

ஜூன் பதினெட்டு, காலை பத்து மணி. மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் என்னை நினைத்துக்கொள்.

உன் தம்பி